பூசுவதற்கு முன்னால் செங்கல் வரியை எண்ணிப் பாருங்கள்

அம்மா வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்துச் சேர்த்த சேமலாப நிதியில் ஒரு பங்கை வீட்டு முன்னால் ஒரு குட்டைச் சுவருக்கென்று எடுத்து வைத்திருந்தார். ஹட்டனுக்குப் பக்கத்தில், பாதையோரம். 30 அடி நீளம், இரண்டரை அடி உயரம், 9 அங்குலத் தடிப்பு. உள்பக்கம் அவருடைய ரோஜாப் பாத்தி. சித்திரையில் கட்டி முடித்த அந்தச் சுவர், ஆனி மாதத்து முதல் பெருமழையில் 8 அடி நீளத்துக்குப் பாதையில் சரிந்து விழுந்தது. விடியற்காலையில் விழுந்ததால் தப்பினோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில் உட்கார்ந்துதான் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள்.

கொந்தராத்து எடுத்த மேசன், "கல்லு, மணல், சீமெந்து எல்லாம் நானே கொண்டாறேன் தம்பி, நீங்க அலைய வேணாம்" என்றார். 850 செங்கல்லுக்குப் பணம் வாங்கினார். நான் வேலைக்குப் போய்விடுவேன், அம்மாவுக்கு எண்ணத் தோன்றவில்லை. ஒரு நாள் பின்னேரம் பார்த்தபோது சாந்து தடிப்பாக இருக்கிறதே என்று கேட்டேன். "இங்க பெய்யிற மழைக்கு மொத்தமா சாந்து வச்சாதான் நிக்கும்" என்றார். நம்பினேன். மறுநாளே பூச்சு வேலையைத் தொடங்கிவிட்டார்.

விழுந்த இடத்தில் குனிந்து பார்த்தேன். இரண்டு வரிக் கல்லுக்கு நடுவில் என் கட்டைவிரல் படுத்தது. அளந்தால் 25 மில்லிமீட்டர், ஓர் அங்குலம். பக்கத்துப் பக்கத்துக் கல்லுக்கு இடையில் 20, அதிலும் வெளியோரம் மட்டும் சாந்து, உள்ளே வெறும் பொந்து. சாந்தை நெருடினேன், புட்டுமாப் போல உதிர்ந்து, விரலில் செம்மண் ஒட்டியது. ஒரு கல்லை எடுத்தேன், அடியில் சாந்து பிடித்த அடையாளமே இல்லை. காய்ந்த கல்லை நனைக்காமல் வைத்தால் அது சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பிறகு எங்கே ஒட்டுவது?

எங்கள் லயத்தில் முன்பு தோட்டத்து மேசனாக இருந்த பெரியப்பா ஒருவர் வந்து பார்த்தார். மிச்சச் சுவரின் பூச்சைச் சுத்தியலால் தட்டிவிட்டு, "வரியை எண்ணுப்பா" என்றார். 8 வரி. 10 இருந்திருக்க வேண்டும்.

கணக்கு லேசுதான். எங்களுக்கு வந்த கல்லின் உயரம் 65 மில்லிமீட்டர். சாந்து வழக்கப்படி 10 வைத்தால் ஒரு வரி 75. நாலு வரி 300, அதாவது கிட்டத்தட்ட ஓரடி. 25 வைத்ததால் 8 வரியிலேயே 720 வந்துவிட்டது. மீதி ஓர் அங்குலத்துச் சொச்சத்தை மேசன் மேல்பூச்சில் மறைத்துவிட்டார். நீளத்திலும் இப்படியே. 800 கல் போக வேண்டிய சுவரில் 610 அளவில்தான் போயிருக்கிறது. கல்லை மலை ஏற்றிக் கொண்டுவரும் லொறிக் கூலியும் சேர்த்து அம்மா கொடுத்த பணம் அது.

மழைக்குத் தடிப்பான சாந்து நல்லது என்பது சுத்தப் பொய். தடித்த சாந்து ஈரமாக இருக்கும்போதே மேல்வரியின் பாரத்தில் பிதுங்கும், கல் மட்டம் மாறும். காயும்போது சுருங்கி வெடிக்கும். அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கும். போதாக்குறைக்கு, பாத்தித் தண்ணீர் வெளியேற அடியில் ஒரு துவாரம்கூட விடவில்லை.

மேசனுக்குப் போன் பண்ணினேன். "மண்ணு இறங்கிருச்சு, நான் என்ன பண்ண?" என்றார். அத்திவாரம் அசையவே இல்லை, படம் அனுப்பினேன். அதன்பிறகு போனை எடுப்பதில்லை.

பெரியப்பா ஒரு நேரான சட்டத்தில் 75 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுத் தந்தார். சுவரோடு நிறுத்தினால் ஒவ்வொரு வரியின் தலையும் கோட்டில் நிற்க வேண்டும். சட்டம் இல்லையென்றால் டேப் போதும்: நாலு வரி, ஓரடி. உங்கள் கல்லின் உயரம் வேறென்றால் அதோடு 10 கூட்டிக்கொள்ளுங்கள். கல் இறங்கும்போது வீட்டில் ஒருவர் நின்று எண்ணட்டும். கல்லை நனைக்கிறார்களா, இரண்டு கல் சேரும் இடம் கீழ்வரியில் கல் சேரும் இடத்துக்கு நேர் மேலே வராமல் இருக்கிறதா என்று பாருங்கள். அளந்து முடியும்வரை பூச விடாதீர்கள்; அவசரப்படுத்தினால் இன்னும் கவனமாக அளங்கள்.

விழுந்த கற்களில் உடையாதவற்றை அம்மா ஒவ்வொன்றாகச் சாந்து சுரண்டி அடுக்கி வைத்திருக்கிறார். மழை விட்டதும் பெரியப்பாவே நின்று கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை பூச்சு வேண்டாமாம் அம்மாவுக்கு, கல் வெளியே தெரியட்டும் என்கிறார்.