வலந்தலையும் வீணைத் தந்தியும் ஆன்லைனில்: கோலாலம்பூர் பயன்பாட்டு அனுபவம்

ஷாப்பி, லஸாடா, கேரோசல் ஆகிய மூன்று இணைய விற்பனைத் தளங்களிலும் கர்நாடக இசைக் கருவிகளின் உதிரிப் பாகங்களைப் பல ஆண்டுகளாக வாங்கிப் பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டவை இவை. எண் போட்டு உறையில் அடைத்து வரும் பொருள் என்றால் இந்தத் தளங்களில் தயங்காமல் வாங்கலாம். வலந்தலை (மிருதங்கத்தின் வலது பக்கத் தோல்) போல, கையால் செய்து சுருதிக்கு ஏற்ப அமைக்கும் பொருளில்தான் சிக்கல். விற்பனைப் பக்கத்தில் இல்லாத அளவுகளை நாமே கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டால்தான் அங்கே தப்பிக்கலாம்.

முதலில் தேடல். மிருதங்கத்தை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். நான்கைந்து விதமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ‘மிருதங்கா’ என்று முடித்தால் பஜனையில் வாசிக்கும் ‘கோல்’ என்ற வங்காளத்து மேளம் வந்து நிற்கும். அதன் உடல் களிமண் அல்லது ஃபைபர், நம்முடையது பலாமரம். படத்தில் வலது வாய் மிகச் சிறியதாகவும் இடது வாய் பெரிதாகவும் இருந்தால் அது கோல். விலை மலிவாக இருக்கிறதே என்று அவசரப்பட வேண்டாம்.

வீணைத் தந்தி வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள். இந்திய உறைகளில் இருப்பது கம்பி கேஜ் எண். எண் கூடக்கூடக் கம்பி மெலியும். 28 என்றால் சுமார் 0.376 மில்லிமீட்டர், 30 என்றால் 0.315. கிட்டார் தந்தியின் எண் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. எண் கூடினால் தந்தி தடிக்கும். கிட்டார் 28 என்பது 0.71 மில்லிமீட்டர், ஏறக்குறைய இரட்டிப்புத் தடிமன். இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து விற்கும் கடைகள் உண்டு. ‘எத்தனை மில்லிமீட்டர்?’ என்று சாட்டில் ஒரு வரி கேட்டால் போதும். வாசிப்புத் தந்தி நான்கு, தாளத் தந்தி மூன்று, ஆக ஏழும் செட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் வாசிப்புத் தந்தியான சாரணியை மட்டும் கூடுதலாக ஒன்று வாங்கி வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும். உதிரித் தந்தியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போடுங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள்.

மின்சுருதிப் பெட்டியில் பிரச்சினை குறைவு. மின்னழுத்தம் இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் ஒத்துப்போகும். பிளக் மட்டும் நம் சதுர மூன்று முனைக்குப் பொருந்தாது. அடாப்டர் ஒன்று சேர்த்து வாங்கினால் வேலை முடிந்தது.

இனி வலந்தலை. நடுவில் கறுப்பாக இருக்கும் கரணை, அதாவது சாதம், சும்மா அலங்காரம் இல்லை. தோலைத் தட்டும்போது கூடவே எழும் மேல்சுரங்களை ஒத்திசைய வைப்பதே அந்தக் கூடுதல் எடைதான் என்பதை 1920-லேயே சி.வி. ராமன் ஆய்ந்து எழுதினார். ஆகவே சாதாரண டிரம் தோலை மாற்றாகப் போட முடியாது. விற்பவரிடம் மூன்று விவரம் கேளுங்கள்: மரத்தின் வலது வாய்க்கு எத்தனை அங்குலம், எத்தனை கட்டைக்கு (சுருதி அளவுக்கு) அமைத்தது, வார் (தோல் பட்டை) பிடிக்கும் மிருதங்கத்துக்கா போல்ட் மிருதங்கத்துக்கா. போல்ட் என்றால் கொக்கி எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். வாயின் விட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் பிசகும். தையல்காரர் டேப்பை வாயைச் சுற்றிப் பிடித்து, வந்த அளவை 3.14-ஆல் வகுங்கள், சுற்றளவு 22 அங்குலம் என்றால் விட்டம் 7. கால் அங்குலம் குறைந்தாலும் மூட்டு (தோலைப் பிடிக்கும் விளிம்பு வளையம்) மரத்தில் உட்காராது. கூடினால் இழுத்தாலும் சுருதி ஏறாது.

பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டு தெரியும்படி வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். கரணையில் மயிரிழை போன்ற மெல்லிய வெடிப்புகள் இருக்கும். பலர் அதைப் பார்த்துப் பதறிப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். அது குறை அல்ல. அந்த வெடிப்புகள் இருந்தால்தான் கரணை தோலோடு சேர்ந்து அசையும். விரலால் தடவும்போது கறுப்புப் பொடி உதிர்ந்தாலோ, ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தாலோதான் சேதம். இரண்டு தலைகளை முகத்தோடு முகம் வைத்துக் கட்டி அனுப்பினால் இப்படி ஆகும். ஒவ்வொன்றின் இருபுறமும் கெட்டி அட்டை வைத்துக் கட்டச் சொல்லி முன்கூட்டியே எழுதுங்கள்.

‘பொருள் கிடைத்தது’ பொத்தானை அன்றே அழுத்தாதீர்கள். அழுத்தும்வரை பணம் தளத்தின் கையில் நிற்கும். தலையை மாட்டிப் பாதி இழுத்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் மீண்டும் இழுங்கள். புதுத் தோல் முதல் சில நாட்கள் நெகிழ்ந்து சுருதி இறங்குவது இயல்பு. பிறகு விளிம்பைச் சுற்றி வார் நுழையும் பதினாறு கண்களுக்கும் நேராக ஒவ்வொன்றாகத் தட்டி டியூனர் செயலியில் பாருங்கள். ஐந்து கட்டை என்றால் ‘ஜி’ காட்ட வேண்டும். குளிர்சாதன அறையில் சேர்த்த சுருதி மழை நாளில் வெளியே எடுத்ததும் இறங்கும் என்பதால், வாசிக்கப்போகும் இடத்திலேயே சோதியுங்கள். இத்தனையையும் ஆர்டர் பக்கத்தில் உள்ள காலக்கெடுவுக்குள் முடிக்க வேண்டும்.

திருப்பி அனுப்பும் படிவத்தில் ‘சுருதி சேரவில்லை’ என்று ஒரு காரணம் கிடையாது. ‘விவரத்தோடு பொருந்தவில்லை’ என்பதைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அந்த விவரம் சாட்டில் எழுத்தாக இருந்தால்தான் வாதம் நிற்கும். வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்லி விலை குறைக்கும் விற்பனையாளர்களிடம் நாங்கள் வாங்குவதில்லை. தளத்தின் பாதுகாப்பு அங்கே அறுந்துவிடுகிறது.

வரியும் உண்டு. 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி. உள்ளூர் இருப்போடு விலையை ஒப்பிடும்போது இதையும் அனுப்பும் செலவையும் கூட்டிப் பாருங்கள். பல முறை கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிக் கடையில் தட்டிப் பார்த்து வாங்குவதே மேல் என்று ஆகிவிடும்.

முழு மிருதங்கத்துக்கு எங்கள் முதல் தேர்வு கேரோசல். வகுப்பை நிறுத்திய பிள்ளைகளின் கருவிகள் நல்ல நிலையில் வருகின்றன. பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். மரத்தில் குண்டூசித் துளையும் அதைச் சுற்றி மாவும் தெரிந்தால் வண்டு அரிக்கிறது, விட்டுவிடுங்கள். தோல் கிழிந்திருப்பது பரவாயில்லை. மரத்தில் வாயிலிருந்து ஓடும் வெடிப்பு இருக்கக் கூடாது. எச்சு (உயர்ந்த) சுருதி வேண்டுமென்றால் நீளம் 22 அங்குலம், தக்கு (தாழ்ந்த) சுருதிக்கு 24.

நட்சத்திர மதிப்பீடுகளால் பயனில்லை. ‘சீக்கிரம் வந்தது, பேக்கிங் நன்று’ என்பதோடு முடிகின்றன. நீங்கள் எழுதும்போது வாயளவு, கட்டை, இரண்டு மாதம் கழித்துக் கரணை எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அடுத்து வாங்கும் ஆசிரியருக்கு அந்த ஒரு வரி போதும்.

சென்னையிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் ஜூலைக்குள் ஆர்டர் போடுங்கள். நவராத்திரி நெருங்கினால் தேவை கூடும். மார்கழிக் கச்சேரிக் காலத்தில் அங்குள்ள கைவினைஞர்களுக்கு ஓய்வே இருக்காது.