ஏலத்தில் எடுத்த திரித் துப்பாக்கியும் பள்ளத்தூர்ப் பயணமும்

லண்டன் ஏலமொன்றில் எடுத்த, எரியும் திரியால் வெடிமருந்தைப் பற்றவைத்துச் சுடும் பழைய திரித் துப்பாக்கியைச் சிவகங்கை மாவட்டத்துப் பள்ளத்தூர் வீட்டுக்கு முறைப்படி கொண்டுவர வழியுண்டா என்பதை நேரில் விசாரித்து அறிவதற்காக, இம்முறை ஊருக்கு வந்தபோது சில நாட்களை ஒதுக்கி வைத்திருந்தேன். 18ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் செய்யப்பட்டது என்பதற்கு மேல் ஏலப் பட்டியலில் எதுவும் இல்லை. எந்தப் பாளையத்துக்கு உரியது என்று உரிமை கொண்டாட என்னிடமும் சான்று கிடையாது. ஆயினும், 1801இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதோடு சிவகங்கைச் சீமையின் ஆயுதங்களும் கும்பினியாரிடம் (கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம்) போய்விட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இந்தப் பக்கத்துப் பொருள் ஒன்றாவது திரும்பி வரவேண்டும் என்ற விருப்பம் எழுவது இயல்பே.

வெளிநாட்டில் வாழும் நம்மவர் பலரும் உரிமமின்றிக் கொண்டுவரப் பழமை என்ற ஒன்றே போதும் என்று நம்புகிறார்கள். பிரிட்டனில் இத்தகைய துப்பாக்கியை அலங்காரப் பொருளாக வைத்துக்கொள்ள உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1898 வரை செய்யப்பட்டவை கூட்டாட்சிச் சட்டப்படி பழம்பொருளாகவே கருதப்படுகின்றன. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ வயதை மட்டும் பார்ப்பதில்லை. அதன் 45ஆம் பிரிவு விலக்கு அளிப்பது, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே இயலாத பழைய ஆயுதத்துக்கு மட்டும்தான். திரித் துப்பாக்கியின் அமைப்போ மிக எளியது: ஒரு குழல், பற்றவைக்க ஒரு துளை, எரியும் திரியைக் கொண்டுவந்து வைக்கும் ஒரு கொக்கி. அமைப்பு எளியதாக இருப்பதனாலேயே அதை மீண்டும் சுடவைப்பதும் எளிது; ஆகவே கெடாமல் காப்பாற்றப்பட்ட நல்ல பொருளுக்கு அந்த விலக்கைக் கோருவது கடினமாகிவிடுகிறது. நான் இந்தப் பயணத்தில் சந்தித்த சிக்கல்கள் யாவும் இதிலிருந்தே தொடங்கின.

புறப்படுமுன் லண்டனில் ஒரு சரக்கு நிறுவனத்தாரைக் கேட்டபோது, "சுவர் அலங்காரம்" என்று எழுதி அனுப்பிவிடலாம், யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள் என்றார்கள். இதைவிடக் கேடான ஆலோசனை இருக்க முடியாது. உரிமமின்றி ஆயுதத்தை இறக்குமதி செய்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பொய்யான விவரம் கொடுத்தால் சுங்கச் சட்டப்படி பொருளும் பறிபோகும். சென்னையில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான சுங்க முகவர் இதற்கு நேர்மாறாக, உரிமம் கையில் வருமுன் பெட்டியைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றவே கூடாது என்றும், வந்து இறங்கிய பிறகு தாள்களைத் தேட ஆரம்பித்தால் கிட்டங்கி வாடகை ஏறிக்கொண்டே போகும் என்றும் பொறுமையாக விளக்கினார். வேலை தனக்கு வராமல் போகக்கூடும் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்ன அவருக்கு நான் கடமைப்பட்டவன்.

சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்துக்கு அண்ணனோடு போனேன். ஆயுத உரிமப் பிரிவில் இருந்த அம்மையார் நாங்கள் கொண்டுபோன படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சார், வீட்டுல வச்சிருக்கிறது வேற, வெளிநாட்டுலேருந்து கொண்டாறது வேற. ரெண்டையும் சேத்துக் கேக்காதீங்க" என்றார். 2020 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் அறிவிக்கை, கலைப்பொருள் வகையில் சேரும் சிறு ஆயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் இந்தியக் குடிமக்களுக்கு உரிமம் தேவையில்லை என்கிறது. ஆனால் பயன்படுத்தவும் எடுத்துச் செல்லவும் உரிமம் வேண்டும். இறக்குமதிக்கோ ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவு தனியாக உரிமம் கேட்கிறது. நான் பல வாரம் படித்தும் தெளியாத இந்த வேறுபாட்டை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அலுவலகங்களைக் குறைகூறி எழுதப்படும் பயணக் குறிப்புகளுக்கு நடுவே இதையும் பதிவு செய்யவேண்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் விற்கும் ஒரு பெரியவர், தூணும் கதவும் பீங்கானும் எத்தனை வேண்டுமானாலும் பேசலாம், துப்பாக்கி என்றால் தம் கடைக்குள்ளேயே வரவேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். மதுரையில் உரிமம் பெற்ற ஆயுத வணிகர் ஒருவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. அவர் தம் கடையிலிருந்த நாட்டுத் துப்பாக்கி ஒன்றை எடுத்து, மெல்லிய மூங்கில் குச்சியை வாய்ப்பக்கமாக உள்ளே அடிவரை விட்டு, குழலின் விளிம்பு வரும் இடத்தில் குச்சியின்மேல் நகத்தால் அடையாளமிட்டார். பிறகு குச்சியை உருவி அதே நீளத்தைக் குழலுக்கு வெளியே வைத்துக் காட்டினார். குச்சியின் நுனி பற்றவைக்கும் துளைக்கு நேராக வந்து நின்றது. "இதுக்கு முன்னாடியே நின்னுச்சுன்னா உள்ள மருந்து கெடக்குன்னு அர்த்தம் தம்பி. நூறு வருசம் ஆனாலும் பத்திக்கும்" என்றார். கெட்டித்து வைத்த வெடிமருந்தோடு ஏலத்துக்கு வரும் பழந்துப்பாக்கிகள் உண்டு என்பதால், வாங்குவோர் ஏல நிறுவனத்திடம் இந்தச் சோதனை நடந்ததா என்று எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.

பற்றவைக்கும் துளையை வெல்டிங் செய்து அடைத்துவிட்டால் 45ஆம் பிரிவின் விலக்குக் கிடைக்கும் என்று சிலர் சொன்னார்கள். அதற்கு என் மனம் ஒப்பவில்லை. இருநூறு ஆண்டுகளாகத் தப்பிப் பிழைத்த கொல்லர் வேலையை ஒரு தாளுக்காகச் சிதைப்பது, அதைக் கொண்டுவரும் நோக்கத்தையே கெடுத்துவிடும். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது: நூறு ஆண்டு கடந்த பொருள் இந்தியாவுக்குள் வந்துவிட்டால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் அதைத் திரும்ப வெளியே எடுத்துச் செல்ல இயலாது. வீட்டில் பின்னர் யாரும் பொறுப்பேற்காவிட்டால் அது எங்கே போகும் என்பதை இப்போதே தீர்மானித்தாக வேண்டும். அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பதில் அண்ணனும் நானும் ஒத்துப்போனோம்.

குழலின் நீளம், குழல் துளையின் அளவு, எல்லாப் பக்கத்துப் படங்கள், ஏலச் சீட்டின் நகல் ஆகியவற்றை இணைத்து அண்ணன் பெயரில் மனுவைக் கொடுத்து, பதிவு எண்ணைப் பெற்றுக்கொண்டோம். பதில் வரும்வரை துப்பாக்கி லண்டனிலேயே இருக்கும்.