எம்.பி.பி.எஸ். அப்ளிகேஷன் போட்ட பிரௌசிங் சென்டர்: டைப்பிங்குக்குப் போகலாம், சாய்ஸ் ஃபில்லிங்குக்கு வேண்டாம்

தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். வெளியே ஜெராக்ஸ், பான் கார்டு, ரயில் டிக்கெட், கலர் பிரிண்ட் என்று வழக்கமான போர்டு. நீட் ரிசல்ட் வருகிற சமயம் பார்த்து, அதற்குக் கீழே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். கவுன்சிலிங் அப்ளிகேஷன் போடப்படும் என்று புது ஃபிளெக்ஸ் ஒன்று ஏறிவிடும். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. நான் சொல்லப்போகிற நல்லது கெட்டது இரண்டும் மிண்ட்டிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் உள்ள பாதிக் கடைகளுக்குப் பொருந்தும், இவர் ஒருவரை மட்டும் மாட்டிவிடுவானேன்.

அக்கா மகளுக்கு மாநில ஒதுக்கீட்டு விண்ணப்பத்தை இங்கேதான் போட்டோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். ஸ்கேன் எடுக்கவும் படிவம் நிரப்பவும் இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல கடை நான் பார்க்கவில்லை. ஆனால் போன் நம்பர், பாஸ்வேர்டு, காலேஜ் வரிசை, இந்த மூன்றையும் கடைக்காரர் கையில் விடவே கூடாது.

நல்லதிலிருந்து வருகிறேன். கம்ப்யூட்டரில் உட்காரும் அக்கா ஒருவர் இருக்கிறார், கடையின் பெருமை முழுக்க அவர்தான். போனதும் மார்க்கைக் கேட்கவில்லை. "ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் எங்க படிச்ச பாப்பா?" என்றுதான் கேட்டார். அங்கேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது, ஏனென்றால் மாநில ஒதுக்கீட்டில் பாதிச் சிக்கல் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போக, மீதி 85 சதவீதம் நமக்கு. அந்த 85-க்குள் வர அந்த ஏழு வருடப் படிப்புதான் முதல் ஆதாரம்.

நம் ஏரியாவில் இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். பிள்ளை டாக்டராகட்டும் என்று பதினொன்று, பன்னிரண்டுக்கு மட்டும் நெல்லூர், விஜயவாடா பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்த வீடுகள் நிறைய உண்டு. ஒரு வருடம் வெளியே படித்திருந்தாலும் இருப்பிடச் சான்றிதழ் தேவை, அதாவது நேட்டிவிட்டி. பெற்றோரின் ஆவணங்களும் அதோடு போக வேண்டும். இன்னொரு பக்கம், சொந்த ஊர் ஆந்திராவாகவோ ராஜஸ்தானாகவோ இருந்து, பிள்ளை ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம், ஆனால் பொதுப் பிரிவில் மட்டும்தான். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்திடம் இதை அந்த அக்கா தெலுங்கும் தமிழும் கலந்து பொறுமையாக விளக்கினார். அவர்கள் வைத்திருந்த சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது என்பதைக் கோபம் வராமல் சொல்வது சின்ன வேலை இல்லை.

7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அவருக்கு அத்துப்படி. 2020-இல் சட்டமான இந்த ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மாநகராட்சிப் பள்ளியும் அதில் சேரும் என்பது தெரியாமலேயே வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பிள்ளைகள் சிலர் பொது வரிசையில் மட்டும் விண்ணப்பித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, அப்புறம் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் வழி உண்டு. ஆனால் அரசு உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் உதவி பெறும் பள்ளிகள் எத்தனை, அங்கே படிப்பதும் மீன் இறக்குகிறவர், லோடு ஏற்றுகிறவர் வீட்டுப் பிள்ளைகள்தான் என்று யோசித்தால் வயிறு எரியும். அது கடையின் குற்றம் இல்லை, விடுங்கள்.

அடுத்து இனிஷியல். பன்னிரண்டாவது மார்க் ஷீட்டில் ஓர் எழுத்து இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, சாதிச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டல். நம் ஊரில் எந்த வீட்டுக் காகிதங்களை எடுத்தாலும் இந்தக் கதைதான். நீட் அட்மிட் கார்டில் என்ன இருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து பார்த்து அடித்துவிட்டு, அடித்ததை அக்கா மகளையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். சப்மிட் கொடுத்தபின் நாமாக உள்ளே போய்த் திருத்துவது பெரும்பாடு, அதனால் இந்த இரண்டு நிமிடத்துக்கே காசு கொடுக்கலாம். லேமினேட் செய்த பழைய கம்யூனிட்டி கார்டில் வெளிச்சம் அடித்து முத்திரை தெரியவில்லை என்று திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்தார். கே.பி. அளவுக்குள் அடக்குகிறேன் என்று எழுத்தே தெரியாமல் சுருக்கித் தள்ளுகிற கடைகளும் இதே தெருவில் இருக்கின்றன.

வீட்டில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்குக் கட்டணச் சலுகை வாங்கித் தருகிற முதல் பட்டதாரிச் சான்றிதழ் கையில் இல்லாமல் வந்தவர்களை மட்டும் முகத்துக்கு நேராகத் திருப்பி அனுப்பினார். சரிதான். அது இ-சேவையில் அறுபது ரூபாயில் பதிவு செய்கிற விஷயம்தான், ஆனால் தாசில்தார் ஆபீஸ் வரை போய் விசாரணை முடிந்து வருவதற்குள் கடைசித் தேதி வந்து நிற்கும். நீட் எழுதி முடித்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள், ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் அந்தச் சலுகை என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி கெட்டது. முதலில் காசு. மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார்கள். அதில் அரசுக்குக் கட்டுகிற விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு, கடைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில்லை. கேட்டால் ஓனர், "அட, இதுல என்னாண்ணே இருக்கு, எல்லாம் சேத்துதான்" என்கிறார். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளிடமும் அதே தொகையைக் கேட்டால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு விண்ணப்பம் தனி, கட்டணமும் தனி. "அதையும் போட்டு வெச்சிடலாம், சேஃப்டி" என்று ஓனர் இழுப்பார். அந்தக் கோட்டாவில் சேர வசதி இல்லாத வீட்டுக்கு அதில் என்ன சேஃப்டி என்று எனக்கு விளங்கவில்லை.

காசை விடுங்கள், அது போனால் போகிறது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது ஒரு நோட்டு. சாதாரண கோடு போட்ட நூறு பக்க நோட்டு, பிரிண்டர் பக்கத்தில் திறந்தபடியே கிடக்கிறது. அதில் பிள்ளைகளின் பெயர், நீட் ரோல் நம்பர், பாஸ்வேர்டு எல்லாம் வரிசையாக. பலருக்கு மொபைல் நம்பர் என்ற இடத்தில் கடையின் நம்பரே இருக்கிறது! ஓ.டி.பி. உடனே கிடைக்கும், வேலை சீக்கிரம் முடியும் என்பது ஓனர் கணக்கு. ஆனால் அந்த ஓ.டி.பி.யும் அப்புறம் வருகிற தகவல்களும் கடைக்காரர் போனுக்குத்தான் போகும். அவர் ஆடி மாதம் ஊருக்குக் கூழ் ஊற்றப் போய் போனை எடுக்காவிட்டால் உங்கள் பிள்ளையின் சீட்டு என்ன ஆகும்? எங்கள் விண்ணப்பத்தில் என் சொந்த அக்காவின் நம்பரைத்தான் போட வேண்டும் என்று நின்றோம். முகம் சுளித்தாலும் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ்வேர்டை அக்கா மகளே அடித்தாள், நோட்டில் எழுத விடவில்லை.

கடையில் மிக மோசம் சாய்ஸ் ஃபில்லிங். ரேங்க் பட்டியல் வந்த பிறகு, எந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசை போட்டு லாக் செய்கிற கட்டம் அது. இதற்கு ஓனரிடம் ரெடிமேடாக ஒரு தாள் இருக்கிறது. வருகிற எல்லோருக்கும் அதே வரிசை. தாளின் ஓரத்தில் பேனாவால் கட்-ஆஃப் வேறு எழுதி வைத்திருக்கிறார், எந்த வருடத்து மார்க் என்று அவருக்கே தெரியவில்லை. நீட்டில் மார்க்கை வருடம் விட்டு வருடம் ஒப்பிட்டால் தலைசுற்றும். 2024-இல் ரிசல்ட் வந்த அன்று 720-க்கு 720 வாங்கியவர்கள் மட்டும் 67 பேர். 2025-இல் நாட்டுக்கே முதல் மார்க் 686. இதில் பழைய மார்க்கைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? பார்க்க வேண்டியது மாநில ரேங்க்கும் உங்கள் பிரிவு ரேங்க்கும்தான். போன வருட அலாட்மென்ட் பட்டியலே, இந்த மாநிலக் கவுன்சிலிங்கை நடத்துகிற தேர்வுக் குழுவின் இணையதளத்தில் வருகிறது, அதில் உங்கள் ரேங்க்குக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று பார்த்தால் போதும்.

அந்தத் தாளில் இன்னொரு கோளாறு. "உங்க ரேங்க்குக்கு எம்.எம்.சி. (சென்னை மருத்துவக் கல்லூரி) வராதுண்ணே, மேல போட்டு சான்ஸை வேஸ்ட் பண்ணாதீங்க" என்று பக்கத்து சீட்டில் ஒரு அப்பாவிடம் ஓனர் சொல்லிக்கொண்டிருந்தார். முழுத் தப்பு. கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுக்கும். உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்து, உங்கள் பிரிவில் இடம் மிச்சமிருக்கிற முதல் கல்லூரியைக் கொடுக்கும். முதல் பெயர் கிடைக்காவிட்டால் இரண்டாவதுக்குப் போகும், அவ்வளவுதான். மேலே கிடைக்காத பெயரைப் போட்டதற்காகக் கீழே இருப்பது கை நழுவாது. ஆகவே நிஜமாக எது வேண்டுமோ அது முதலில் வரட்டும்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சண்டையே நடந்தது. என் அக்காவுக்கு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிதான் முதலில் வர வேண்டும். வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடலாம், ஹாஸ்டல் செலவு மிச்சம், அதோடு எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் பிறந்ததே அங்கேதான். எங்கள் பாட்டி கடைசி வரை அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மகளுக்கோ 1835-இல் தொடங்கிய எம்.எம்.சி. மேல்தான் கண். இரண்டிலும் ஆண்டுக்கு 250 இடங்கள், கூட்டமும் கேஸும் இரண்டிலும் குறைவில்லாமல் வரும், இதில் எதை மேலே போட்டாலும் தப்பில்லை என்று நான் நடுவில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். கடைசியில் "படிக்கப்போறது நான்தானே மாமா" என்று அவளே வரிசை போட்டாள், வீட்டிலேயே, என் லேப்டாப்பில். கிடைத்தது செங்கல்பட்டு. பட்டியலில் அவள் அதை வைத்திருந்த இடத்துக்கு அது நியாயமான முடிவுதான்.

ஓனரின் தாளில் சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் வரிசையாக இருந்தன. "எல்லாத்தையும் போட்டாதான் மிஸ் ஆகாது" என்பது அவர் தத்துவம். 7.5 சதவீதப் பிரிவில் வருகிற பிள்ளைக்கு இது சரி, தனியார் கல்லூரி கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டும், தாராளமாகப் போடலாம். மற்றவர்களுக்கு அங்கே வருடக் கட்டணம் நான்கு லட்சத்தைத் தாண்டும். கட்ட முடியாத கல்லூரியைப் பட்டியலில் வைத்து, அதுவே வந்து விழுந்தால், சேராமல் விடுவதற்கு எந்தச் சுற்றில் என்ன தண்டம் என்று தகவல் கையேட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இரண்டு விதமான பிள்ளைகளுக்கும் ஒரே தாளை நீட்டுகிறவரிடம் இந்த வேலையை எப்படிக் கொடுப்பது?

அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் இங்கே பதிவு செய்து தருகிறார்கள். அது டெல்லி நடத்துகிற தனிக் கவுன்சிலிங். பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்கு அங்கே நம் கம்யூனிட்டி கார்டு போதாது, மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். இதை அந்த அக்கா சொல்கிறார், ஓனர் சொல்வதில்லை. அதனால் அக்கா இருக்கிற நேரம் பார்த்துப் போங்கள்.

முன்பெல்லாம் விண்ணப்பத் தாளை வாங்கவே அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் காலையிலிருந்து வரிசை நிற்க வேண்டும், அதை நினைத்தால் இந்தக் கடையின் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று என் நண்பர் ஒருவர் வாதாடினார். எனக்கு ஒப்பவில்லை. அந்த வரிசையில் யாரும் உங்கள் பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளவில்லையே.

மார்க் போடுவதென்றால் டைப்பிங், ஸ்கேன் வேலைக்கு ஐந்துக்கு நாலரை, மற்றதுக்கு ஒன்று. காலை பத்தரைக்குப் போனால் கூட்டம் இருக்காது, அக்கா மதியம் மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார். கடைசித் தேதிக்கு முந்தின இரண்டு நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள், படிக்கட்டு வரை ஆள் நிற்கும். ஒரிஜினல்களைக் கையோடு கொண்டுபோங்கள், ஸ்கேன் ஆனதும் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தின் பி.டி.எஃப்.பைப் பிரிண்ட்டோடு விட்டுவிடாமல் உங்கள் மெயிலுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். கிளம்பும் முன் லாக்-அவுட் ஆகிவிட்டதா என்று நீங்களே எட்டிப் பாருங்கள். கரண்ட் போனால் கம்ப்யூட்டருக்கு இன்வெர்ட்டர் உண்டு, பிரிண்டருக்குக் கிடையாது.