புது ஆக்சில் நட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பழையதையே மாட்டிவிட்டார்கள்

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் காரின் முன்சக்கர பேரிங் மாற்றக் கொடுக்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அன்றாடம் ஓடும் கார் எங்களுடையது. பேரிங் இரையத் தொடங்கியதும் பக்கத்துப் பட்டறையில் விட்டேன். பேரிங், அதை இறுக்கிப் பிடிக்கும் புது ஆக்சில் நட், கூலி என்று தனித்தனியாக ரசீது எழுதிப் பணம் வாங்கினார்கள். சில வாரங்களில் அதே இரைச்சல். போய்க் கேட்டால், "ரோடு அப்படி சார்" என்று கையை விரித்துவிட்டார்கள்.

வீட்டில் சக்கரத்தின் நடு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நட்டு தளராமல் இருக்க, அதன் விளிம்பை உளியால் அடித்து ஆக்சிலின் பள்ளத்துக்குள் மடக்குவார்கள். எங்கள் வண்டியில் பள்ளம் ஒன்றுதான்; புது நட்டானால் தடமும் ஒன்றுதான் இருக்க வேண்டும். நட்டிலோ இரண்டு உளித் தடங்கள்! ஒன்று பள்ளத்துக்குள், மற்றொன்று துருவேறி, பள்ளத்தைவிட்டு விலகி நின்றது. குடும்பத்தோடு போகிற வண்டியின் சக்கரத்தில் இப்படி ஒரு திருட்டுத்தனம்.

பேரிங்கின் உள்வளையங்களை இறுக்கிப் பிடிப்பதே இந்த நட்டுதான். அது தளர்ந்தால் புது பேரிங்கும் தாங்காது. பல கார்களில் 200 நியூட்டன் மீட்டரை (முறுக்கு விசையின் அளவு) ஒட்டி முடுக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவு பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும். முதல் பட்டறைக்காரர்கள் ஏர் கன்னால் (காற்றழுத்தத்தில் நட்டு முடுக்கும் கருவி) முடுக்கியதை நானே பார்த்தேன். அதில் எவ்வளவு முறுக்கு ஏறியது என்று யார் சொல்ல முடியும்?

வேறொரு மெக்கானிக்கிடம் மறுபடி பேரிங் மாற்றினோம். அவரிடமும் முறுக்கை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லை. ஆனால் மனிதர் கணக்குத் தெரிந்தவர். ஸ்பேனர் கம்பியில் பைப்பைச் செருகி, நட்டின் மையத்திலிருந்து சரியாக ஒரு மீட்டரில் கோடு போட்டார். மீன் நிறுக்கும் தொங்கு தராசை அங்கே மாட்டினார். என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பைப்பை நேர்குத்தாக நிறுத்தி, செங்கோணத்தில் பக்கவாட்டாக இழுத்தார். முள் 20 கிலோவைத் தொட்டால் ஏறக்குறைய 196 நியூட்டன் மீட்டர். வீட்டிலும் இதைச் செய்யலாம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கு ஸ்டாண்டு வையுங்கள். இழுப்பது சட்டென்று அல்ல, சீராக இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பழைய நட்டைக் கையில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் பணம் கொடுக்காதீர்கள். ரசீதும் அந்த இரட்டைத் தட நட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.