குறிகட்டுவானில் ஒரு வெறும் பலகை

பெரியம்மாவுக்குக் கண்புரை எடுத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. இடது கண்ணுக்கு மேல் பிளாஸ்ரர் போட்டு ஒட்டிய மூடி. கைப்பையில் சொட்டு மருந்துப் போத்தல்கள் இரண்டு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை விட வேண்டும், கை கழுவாமல் தொடக்கூடாது, தூசி படக்கூடாது, குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று யாழ்ப்பாணத்தில் தாதி ஒருவர் பொறுமையாக எனக்கு எழுதித் தந்திருந்தார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெரியம்மாவை நெடுந்தீவில் வீட்டுக்குக் கூட்டிப்போக, பிற்பகல் இரண்டரை மணிக்குப் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் வந்து நின்றோம். பண்ணையால் வெளிக்கிட்டு, வேலணை தாண்டி, வாணர் தாம்போதியால் புங்குடுதீவுக்குள் நுழைந்து வந்த பயணம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதை எழுத ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது அந்தப் பலகையைப் பற்றி.

இறங்குதுறை வாசலில் இரண்டு இரும்புக் கம்பங்களில் நீலப் பலகை ஒன்று நிற்கிறது. மேலே மூன்று மொழிகளிலும் 'படகுச் சேவை நேர அட்டவணை' என்று எழுதியிருக்கிறது. எழுத்து அழகான எழுத்து. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. துருப்பிடித்த இரண்டு ஆணிகள், யாரோ ஒட்டிக் கிழித்த நோட்டீஸின் ஒரு மூலை, அவ்வளவுதான். நேரம் இல்லை, தொலைபேசி இலக்கம் இல்லை, இன்று படகு உண்டா இல்லையா என்று சொல்ல ஒரு வரி இல்லை. அன்று பிற்பகல் நான் அந்தப் பலகைக்கு முன்னால் எத்தனை தடவை போய் நின்றேன் என்று எனக்கே கணக்கில்லை.

நெடுந்தீவுக்குப் போகும் மாலைப் படகுக்காக அறுபது பேரளவில் காத்திருந்தார்கள். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கூரைத் தகடு, கோழித் தீன், ஒரு கதிரை. யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்றுப் பதினோராம் நாள் வீடு திரும்பும் ஒரு பெண், தாயுடன். தீவில் ஒரு வீடு நடக்கத் தேவையான எல்லாம் அந்தத் துறையில்தான் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். அந்தக் காட்சி மட்டும் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இருந்ததுபோலவே இருக்கிறது. அப்போது காஸ் சிலிண்டருக்குப் பதிலாக மண்ணெண்ணெய்ப் பரல். மற்றபடி அதே உப்புக் காற்று, அதே 'ஆரடா நீ, ஆற்ற மோன்?' என்ற கேள்வி. ஒரு கிழவர் என் முகத்தைப் பார்த்தே அப்புவின் பெயரைச் சொன்னார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்து வருகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? அந்த நிமிஷம் நான் நெகிழ்ந்துபோய்த்தான் நின்றேன்.

நாலு மணியானது. படகு இல்லை.

பக்கத்தில் நயினாதீவுப் படகுகள் வந்துபோய்க்கொண்டே இருந்தன. நாகபூசணி அம்மனுக்கும் நாக விகாரைக்கும் போகிற சனம் நாள் முழுக்க இருக்கிறது. கால் மணித்தியாலக் கடல், ஆள் நிறைந்ததும் எடுப்பார்கள், தனியார் படகுகளுக்குக் கட்டுப்படியாகும். நெடுந்தீவு அப்படியில்லை. ஒரு மணித்தியாலக் கடல், அதுவும் ஜூலை மாதம், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற நேரம். சுமார் 4,000 பேர் வாழ்கிற தீவு, பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். இந்தக் கடலில் லாபம் பார்த்து எவராலும் நாள் தவறாமல் படகு ஓட்ட முடியாது. அரசு கை கொடுத்தால்தான் ஓடும். அதை ஒத்துக்கொண்டுதான் அரசும் இத்தனை வருஷமாகக் கை கொடுக்கிறது. இதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஐந்து மணிக்குள் மூன்று கதைகள் வந்துவிட்டன. என்ஜின் பழுது என்றார் ஒருவர். டீசல் வரவில்லை என்றார் இன்னொருவர். கடல் கொந்தளிப்பு என்று மறித்துவிட்டார்கள் என்றார் மூன்றாமவர். மூவரும் சொன்னதை நம்பித்தான் சொன்னார்கள். ஆனால் மூன்றும் ஊகம். வாசல் சுவரில் பெயின்றால் எழுதியிருந்த ஓர் இலக்கத்துக்கு அழைத்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "அது எங்கட படகு இல்லை ஐயா, மற்ற ஒஃபிசுக்கு அடியுங்கோ." மற்ற அலுவலகத்தின் இலக்கத்தை அவரே தந்தார். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் நினைவு வந்தது, நாலேகாலுக்கு அலுவலகம் மூடிவிடும். படகு வருமா வராதா என்ற கேள்வி எழுகிற நேரத்தில், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

எந்த அலுவலகம், எந்தப் படகு என்று நான் பெயர் எழுதப் போவதில்லை. ஒருவரைப் பிடித்துக் கொடுப்பதற்காக இதை எழுதவில்லை.

நான் நோர்வேக்கு 1987இல் போனவன். முதல் வேலை வடக்கே, கடலோரத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில். எங்கள் ஆட்கள் பலர் அப்படித்தான் தொடங்கினார்கள். அங்கேயும் தீவுகள்தான், அங்கேயும் படகுதான். நெடுந்தீவான் ஒருவனுக்கு அந்த வாழ்க்கை புதிதாகத் தெரியவில்லை, குளிரைத் தவிர. அங்கே மாரிகாலத்தில் புயல் வந்தால் படகு நின்றுவிடும், இரண்டு நாள்கூட நிற்கும். ஆனால் நிற்கப் போகிறது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். துறையில் தாள் ஒட்டியிருப்பார்கள், வானொலியில் சொல்வார்கள், இப்போது கைபேசிக்குச் செய்தி வருகிறது. ஆள் குறைந்த சில துறைகளில், முன்கூட்டி அழைத்துச் சொன்னால் மட்டும் படகு ஒதுங்கும். நாலு குடும்பத்துக்காக ஒரு படகு திசை திரும்பி வரும். 2022இலிருந்து பயணிகள் குறைந்த பல தடங்களில் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். பாலம் போட முடியாத இடத்தில் படகுதான் தெரு, தெருவில் நடப்பதற்குக் காசு வாங்குவதில்லை என்பதுதான் அதற்குப் பின்னால் இருக்கும் நினைப்பு.

இந்த நினைப்பு நமக்கும் புதிதல்ல என்பதுதான் எனக்கு ஆற்றாமை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் வீதி அபிவிருத்தி அதிகார சபை இலவசமாக மிதவை ஓட்டுகிறதே, அதற்கு ஊரில் பெயரே 'பாதை'தான். படகைப் பாதை என்று சொல்லப் பழகிய சனம் நாங்கள். நெடுந்தீவுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட படகுகளை ஓட்டியிருக்கிறார்கள். வடதாரகை ஓடியது. 2017இல் அவுஸ்திரேலிய அரசின் உதவியில் நெடுந்தாரகை வந்தது. மின்சாரத்துக்கும் அப்படித்தான். தீவில் டீசல் இயந்திரம்தான் வெளிச்சம் தந்துகொண்டிருந்தது என்பதால் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றாலையும் சேர்ந்த திட்டம் ஒன்றை இந்தியாவின் 1 கோடி 10 இலட்சம் டாலர் நன்கொடையில் செய்வதாக 2024 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதினார்கள். பெரிய காசு வருகிறது. பெரிய பொருட்கள் வருகின்றன. பலகையில் எழுதுகிற சோக்குக் கட்டி ஒன்று மட்டும் யாருடைய பொறுப்பிலும் இல்லை.

சரி, அன்றைக்கு வருகிறேன். ஐந்தரைக்குத் தேநீர்க் கடைக்காரர் நெடுந்தீவின் மாவிலித்துறையில் இருக்கும் தன் மைத்துனருக்கு அழைத்தார். "ஓம், போட் இஞ்சாலதான் கட்டிக் கிடக்கு. இண்டைக்கு வெளிக்கிடாது எண்டு மத்தியானமே கதைச்சவங்கள்" என்று பதில் வந்தது. மத்தியானமே! நாங்கள் யாழ்ப்பாணத்தில் வாகனத்தில் ஏறியபோதே அக்கரையில் அது முடிவான விஷயம். அந்த ஒரு வசனம் கடலைத் தாண்டி வந்திருந்தால் பெரியம்மா யாழ்ப்பாணத்தில் தங்கை வீட்டில் படுத்திருப்பார். பிள்ளைபெற்ற பெண் வெயிலில் அவ்வளவு நேரம் இருந்திருக்க மாட்டாள். அவள் குழந்தையைச் சேலைக்குள் மூடிக்கொண்டு அரிசி மூட்டையில் சாய்ந்திருந்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஒரு மீனவத் தம்பி தன் பைபர் வள்ளத்தில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். நல்ல மனம். ஆனால் அலை தூவானமாக முகத்தில் அடிக்கும், ஒரு நாள் வயதுள்ள கண். நான் மாட்டேன் என்றேன். பெரியம்மாவோ "நான் எத்தினை சோளகம் பாத்தனான், ஏத்தடா" என்றார். அதற்குள், பக்கத்தில் நின்ற ஓர் அம்மா என் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டார். புங்குடுதீவில் அவருடைய அக்கா வீடாம். "கண் வெட்டின மனிசியை இதில வைச்சிருக்கலாமே தம்பி, வாங்கோ வீட்டை." அவர் யார், எந்தக் குறிச்சி என்று நாங்கள் கேட்கவும் இல்லை. போனோம். கிணற்றில் தண்ணீர் அள்ளித் தந்தார்கள், நான் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, ஆறரை மணிச் சொட்டு மருந்தை அரை மணித்தியாலம் பிந்தி விட்டேன். இரவு புட்டும் முட்டைப்பொரியலும். இந்த இடத்தில் நோர்வேயை ஒப்பிட என்னிடம் ஒன்றுமில்லை. அங்கே எனக்குப் படகு வராது என்ற செய்தி வரும், முன்பின் தெரியாத ஒருவர் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கூப்பிட மாட்டார். ஆனால் அந்த அம்மாவின் நல்ல மனத்தை அரசுச் சேவையின் ஒரு பகுதியாக யாரும் கணக்கில் எடுக்கக்கூடாது.

அடுத்த நாள் காலை படகு நேரத்துக்கு வந்தது. படகில் இருந்த பணியாள் பெரியம்மாவைத் தோளில் அணைத்து, அலை ஏறும் நேரம் பார்த்து ஒரே எட்டில் உள்ளே எடுத்து வைத்த பக்குவம் எந்த நாட்டுப் பயிற்சியிலும் வராது. கடலில் பாதி தூரம் போனபின் அவரிடம் கேட்டேன், நேற்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று. அவர் கோபிக்கவில்லை. "படகு ஓட்டுறது எங்கட வேலை அண்ணை. பழுதெண்டா அறிவிக்கிறதும் நாங்கள்தான். ஆனா நாங்கள் ஒஃபிசுக்குத்தான் அறிவிப்பம். அங்கயிருந்து சனத்துக்கு ஆர் சொல்லுறது எண்டு எங்களுக்கும் தெரியாது."

எனக்கு வேண்டிய பதில் அதுதான். அறுபது பேரைத் துறையில் வைத்தது என்ஜின் அல்ல. அலுவலகத்துக்கும் சனத்துக்கும் இடையில் ஆள் இல்லாத அந்த இடைவெளி.

எங்கள் தீவுச் சனத்துக்குப் படகு பிந்துவது வெறும் எரிச்சல் இல்லை. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் ஏறிய பயணிகள் கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், குழந்தைகளும் அதில். அன்றும் இரு கரையிலும் சனம் 'ஏன் இன்னும் காணவில்லை' என்று கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. பெரியம்மாவின் தலைமுறைக்குப் படகு வராத ஒவ்வொரு நேரமும் அந்த நாளின் சாயல் கொஞ்சம் வந்துபோகும். காரணம் தெரிந்தால் மனம் அடங்கும். தெரியாவிட்டால் அடங்காது. இதை அலுவலகத்தில் இருப்பவர்கள் அறியாமல் இல்லை, நினைத்துப் பார்க்க நேரமில்லாமல் இருக்கலாம்.

தீவில் ஒன்பது நாள் நின்றேன். பவளக்கல் வேலி, பெருக்குமரம், குதிரைகள் எல்லாம் கண்டேன், அவை பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் கேட்டதெல்லாம் இந்த ஒரு கேள்விதான். யாழ்ப்பாணத்திலிருந்து நாளாந்தம் வந்துபோகும் ஆசிரியர் ஒருவர், படகு குழம்பினால் முதல் இரண்டு பாடமும் போய்விடும் என்றார். இரவில் ஒரு நோயாளியை அக்கரைக்கு ஏற்ற வேண்டும் என்றால் கடற்படைப் படகைக் கேட்கிறார்கள், வரவும் செய்கிறார்கள் என்றார் வைத்தியசாலையில் வேலை செய்யும் உறவுக்காரப் பிள்ளை. அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. அவசரம் என்று சொல்ல முடியாத, ஆனால் தள்ளிப்போடவும் முடியாத பயணத்துக்கு, அதாவது கிளினிக்குக்கு, ஓய்வூதியம் எடுக்க, அடையாள அட்டைக்கு, பரீட்சைக்கு, இந்த மாலைப் படகுதான் கதி.

திரும்பும்போது யாழ்ப்பாணத்தில் அந்த அலுவலகத்துக்கு நேரே போய் ஒரு கடிதம் கொடுத்தேன். மூன்று விஷயம் கேட்டேன். பலகையில் நேரம் எழுதுங்கள். படகு இல்லாத நாளில் மத்தியானத்துக்குள் அதை இரு துறையிலும் எழுத ஒரு ஆளை நியமியுங்கள். கடைசிப் படகு கரைசேரும்வரை எடுக்கிற ஒரு தொலைபேசி வையுங்கள். வாங்கிய உத்தியோகத்தர் முழுவதும் வாசித்தார், பிரதியில் திகதி முத்திரை குத்தித் தந்தார், மேலே அனுப்புவதாகச் சொன்னார். பண்பாக நடந்தார். பிரதி என்னிடம் இருக்கிறது.

பெரியம்மாவுக்கு அடுத்த கிளினிக் நாலு கிழமையில். அன்று காலையும் மாலையும் படகு உண்டா என்று யாரிடம் கேட்பது என்று வெளிக்கிடும்போது என்னைக் கேட்டார். வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரில், நல்ல கண்ணால் தூரத்திலிருந்தே தெரிகிற அளவுக்குப் பெரிதாக, குறிகட்டுவான் தேநீர்க் கடைக்காரரின் இலக்கத்தை எழுதிவிட்டு வந்திருக்கிறேன். அவரிடம் கேட்டுத்தான் எழுதினேன். "எந்த நேரமெண்டாலும் அடிக்கச் சொல்லுங்கோ" என்றார்.