சவுண்ட்பாரா, பழைய ரிசீவரா, அசெம்பிள் ஆம்ப்பா: 25,000 ரூபாய்க்குள் ஹோம் தியேட்டர்

25,000 ரூபாய்க்குள் வீட்டில் 5.1 ஒலி (முன்பக்கம் இரண்டு, நடுவில் சென்டர் ஒன்று, பின்பக்கம் இரண்டு என ஐந்து ஸ்பீக்கர், பாஸுக்கு ஒரு சப்வூஃபர்) வேண்டும் என்று தேடுகிறவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, சப்வூஃபரும் பின்பக்க ஸ்பீக்கர்களும் சேர்ந்து ஒரே பெட்டியில் வரும் சவுண்ட்பார். இரண்டாவது, ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்கும் ஏவி ரிசீவரை (டிவியின் ஒலியைப் பிரித்து எல்லா ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) வாங்கி, அதற்கு ஸ்பீக்கர்களைத் தனியாகச் சேர்ப்பது. மூன்றாவது, சென்னை ரிச்சி தெருவில் போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி, உள்ளூர் ஆடியோ மெக்கானிக் செய்து தரும் அசெம்பிள் ஆம்ப்ளிஃபையர். நான் இரண்டாம் வழியில் போனவன் என்பதால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

பொருத்துவதற்கு எளிது, இடத்தை அடைக்காது, ப்ளூடூத் உண்டு, உத்தரவாதம் உண்டு. இவற்றிலெல்லாம் சவுண்ட்பாரே முந்துகிறது. அதில் வாதிட ஒன்றுமில்லை. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட்ஸ் கணக்கை மட்டும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த விலையில் உள்ள செட்டுகளின் வாட்ஸ் பெரும்பாலும் 3 அல்லது 4 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கரில், 10 சதவீதச் சிதைவு வரை தள்ளி அளந்தது. ரிசீவர்களுக்கோ இரண்டு சேனல்களை இயக்கி, 6 அல்லது 8 ஓமில், ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைந்த சிதைவில் அளந்த எண்ணையும் தருவார்கள். போதாக்குறைக்கு, வாட்ஸ் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். அது காதுக்குச் சற்றே கூடியதாகத் தெரியுமே தவிர, இரட்டிப்பாகக் கேட்காது.

என் முடிவைத் தீர்மானித்தது ஒலித்தரம் அல்ல, பழுது. சோனி எச்டி-எஸ்20ஆர் போன்ற செட்டுகளில் ஆம்ப்ளிஃபையர் சப்வூஃபர் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பாருக்கும் பின் ஸ்பீக்கர்களுக்கும் அங்கிருந்துதான் வயர் போகிறது. நாள் முழுக்க பாஸ் அதிரும் அதே பெட்டிக்குள் போர்டும் இருக்கிறது என்பது ஒருபுறம். உத்தரவாதக் காலம் முடிந்தபின் அந்த ஒரு போர்டு போய், மாற்றுப் போர்டும் கிடைக்காவிட்டால், ஒரு குறையுமில்லாத பாரும் மற்ற ஸ்பீக்கர்களும் அதோடு சேர்ந்து சும்மா கிடக்க வேண்டும் என்பதுதான் பெரிய இடைஞ்சல். அவற்றை வேறு ஆம்ப்ளிஃபையரில் இணைக்கலாம் என்றால், வயர் முனையில் பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே உரிய பிளக் இருக்கும். பிளக்கை வெட்டிவிட்டு இணைத்தாலும், 3 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 8 ஓமுக்கு என்று வடிவமைத்த ரிசீவரைச் சூடாக்கி அணைய வைத்துவிடும். வயர்லெஸ் சப்வூஃபரோ தன் ஜோடியான பாரைத் தவிர வேறு எதனோடும் சேராது.

ரிசீவர் செட்டில் கெட்டது மட்டுமே வெளியே போகும். அதன் பின்பக்கத்தில் சிவப்பும் கறுப்புமாக இருக்கும் முனைகள் எந்த நிறுவனத்தின் ஸ்பீக்கரையும் ஏற்றுக்கொள்ளும்; சப்வூஃபருக்கு உள்ளது சாதாரண ஆர்சிஏ துளை. பழைய ரிசீவர்களில் அடிக்கடி கேள்விப்படும் பழுது எச்டிஎம்ஐ போர்டினுடையது. அப்படியே அது போனாலும், டிவியிலிருந்து ஓர் ஆப்டிகல் (ஒளியிழை) வயரை இழுத்தால் 5.1 டால்பி டிஜிட்டல் தடையின்றி வரும். ஓடிடி தளங்கள் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் ஆப்டிகலில் போகாது என்பதால் டிவி அதைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றித் தர வேண்டும். ப்ளூ-ரே வட்டின் ட்ரூஎச்டி என்னும் தரம் குறையாத ஒலியும் அந்த வழியில் வராது. இந்த விலை ஸ்பீக்கர்களில் அந்த வித்தியாசத்தைக் கேட்டுக் கண்டுபிடிப்பது கடினம் என்பது என் எண்ணம். எச்டிஎம்ஐ 1.4 வந்த 2009-க்கு முந்தைய ரிசீவர்களில், டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயரிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வசதியே கிடையாது. அந்தக் காரணத்தாலேயே அவை மலிவாகக் கிடைக்கின்றன, ஆப்டிகல் போதும் என்பவருக்கு அது லாபமே.

பழையதை வாங்குவதில் உள்ள ஆபத்தை மறைப்பதற்கில்லை. ஆனால் அதில் பெரும்பகுதியைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். முதலில் பின்பக்கத்து மின்னழுத்தக் குறிப்பைப் பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்ததில் 100 வோல்ட் என்றும் அமெரிக்காவிலிருந்து வந்ததில் 120 வோல்ட் என்றும் இருக்கும். நம் 230 வோல்ட்டுக்கு அவற்றோடு ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரையும் சுமக்க வேண்டும். பவரை அழுத்திய சில நொடிகளில் உள்ளே ரிலே ‘டக்’ என்று ஒலிக்க வேண்டும். ஒலித்தபின் தானாக அணைந்து ‘புரொடெக்ட்’ என்று காட்டினால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பிவிடுங்கள். ஒரே ஸ்பீக்கரை ஐந்து முனைகளிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள். வால்யூமைத் திருப்பும்போது வரும் கரகரப்பு கான்டாக்ட் கிளீனரில் சரியாகக்கூடியது. அரை மணி நேரம் ஓடியபின் மேல்மூடி சூடாவது இயல்பு, கருகல் வாடை இயல்பல்ல. யமஹாவின் ஒய்பிஏஓ, டெனானின் ஆடிஸி போன்ற தானியங்கி ஸ்பீக்கர் சீரமைப்புக்கு அந்தந்த மைக் வேண்டும். பழையதில் அது பெரும்பாலும் தொலைந்திருக்கும். கவலையில்லை, உட்காரும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் டேப்பால் அளந்து மெனுவில் கையால் ஏற்றிவிடலாம்.

வீட்டுக்கு வந்தபின் அதற்கு எதிரி வெப்பம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது மின்னணுத் துறையின் வழக்கமான கணக்கு. நம் ஊர் சித்திரை வெயிலில் ரிசீவரை டிவி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது அதை நாமே கொல்வதற்குச் சமம்.

ஸ்பீக்கர்தான் காசை வைக்க வேண்டிய இடம், ஏனென்றால் ரிசீவர் மாறினாலும் அது இருக்கும். பழைய ஸ்பீக்கரில் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ஃபோமா, ரப்பரா என்று பாருங்கள். ஃபோம் நம் ஈரக்காற்றில் பொடிந்துவிடும், ரப்பர் நெடுநாள் தாங்கும். வயருக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். வீட்டு மின்வேலைக்கு விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரின் மின்தடை மீட்டருக்கு 0.012 ஓம் அளவுதான். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் பின் ஸ்பீக்கருக்குப் போய்த் திரும்பும் தூரத்துக்கும் கால் ஓமைத் தாண்டாது.

அசெம்பிள் ஆம்ப்ளிஃபையரை மட்டமாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. பழுதுபார்ப்பது மட்டுமே அளவுகோல் என்றால் அது ரிசீவரையும் வென்றுவிடும். அதில் போடும் 5200–1943 பவர் டிரான்சிஸ்டர் ஜோடி எங்கும் கிடைக்கும், செய்து கொடுத்தவர் அடுத்த தெருவிலேயே இருப்பார். போலி டிரான்சிஸ்டர்களும் அதே சந்தையில் உலவுகின்றன என்பதும், எர்த் இணைப்பு சரியாக இல்லாவிட்டால் ஓயாத ஹம் கேட்கும் என்பதும் அதன் மறுபக்கம். எனக்கு அதில் குறையாகத் தெரிந்தது வேறு. ரிசீவரில் 80 ஹெர்ட்ஸ் என்று ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தால், ஐந்து ஸ்பீக்கர்களிலிருந்தும் அதற்குக் கீழுள்ள பாஸ் சப்வூஃபருக்குத் திருப்பி விடப்படும். சிறிய ஸ்பீக்கர் திணறாது, வசனம் தெளிவாக வரும். சாதாரண 5.1 டிகோடர் போர்டில் இந்த வசதியும் ஸ்பீக்கர் தூரத்தை ஏற்றும் வழியும் இருப்பதில்லை. இவற்றைச் செய்யக்கூடிய டிஎஸ்பி (டிஜிட்டல் ஒலிச் செயலி) போர்டு போட்டுச் செய்தவர்களும் இருக்கிறார்கள். அந்த வகையில் எனக்கு அனுபவம் குறைவு.

ஆண்டுக்கொரு வாடகை வீடு மாறுகிறவர்களும், வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு ரிமோட்டைக் கொடுக்கத் தயங்குகிறவர்களும் சவுண்ட்பாரையே வாங்கட்டும். ஆப்டிகலில் டிவி ரிமோட் ரிசீவரின் ஒலியைக் கூட்டிக் குறைக்காது என்பது அன்றாடம் படுத்தும் குறைதான். தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸுக்காக மேற்கூரையில் ஸ்பீக்கர் வைத்து நான் கேட்டதில்லை, எனவே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ரிசீவர் பக்கம் வருகிறவர் ஐந்தையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. ரிசீவரோடு முன்பக்க ஜோடி மட்டும் வந்தால் போதும். மெனுவில் சென்டர் இல்லை என்று குறித்தால் வசனம் இரண்டு பக்கமும் பிரிந்து நடுவில் வந்து நிற்கும். அடுத்து சப்வூஃபர், பிறகு சென்டர். பின் ஸ்பீக்கர்கள் கடைசியில் வரட்டும். அவற்றை உட்காரும் இடத்துக்கு நேர் பின்னால் வைப்பதில்லை. டிவியின் திசையிலிருந்து ஏறக்குறைய 110 டிகிரியில், பக்கவாட்டில் சற்றே பின்தள்ளி வைப்பதுதான் முறை. சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கும் ஹாலில் அதற்கு இடம் பண்ணச் சோபாவை ஓர் அடியாவது முன்னால் நகர்த்த வேண்டியிருக்கும்.