பெரணிகளுக்கு வம்சாவளி எழுத எந்த டி.என்.ஏ.?

மாஞ்சோலையிலிருந்து மேல் கோதையாறு போகும் பாதையோரம் பெரணிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எது எதற்குச் சொந்தம் என்று இலைச் சாயலை வைத்துச் சொன்னால் தப்பாகிவிடும். வெயில் காயும் பாறை இடுக்கில் குட்டிப் பனைபோல விரியும் மயில்சிகைக்கு நெருங்கிய சொந்தம், சரிகைபோல் நறுக்கிய இலைகொண்ட ஓனிகியம். பார்வைக்கு ஒட்டே தெரியாது, டி.என்.ஏ. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறது.

முதல் வழி, பசுங்கணிகத்தின் (இலையின் பச்சையத்தைத் தாங்கும் குளோரோபிளாஸ்ட்) ஆர்பிசிஎல் ஜீன். அதில் வழக்கமாகப் பெருக்கிப் படிக்கும் பகுதி சுமார் 1,300 டி.என்.ஏ. எழுத்து. இரு முனையிலிருந்தும் சாங்கர் முறையில் (ஒரு துண்டை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கும் பழைய முறை) படித்தால் அந்தப் பகுதி முழுதும் கிடைக்கும். ஒப்பிட ஆயிரக்கணக்கான பெரணி வரிசைகள் தரவு வங்கியில் உண்டு. பூக்கும் தாவரங்களில் பழகிய மேட்-கே என்ற இன்னொரு பசுங்கணிக ஜீனை இங்கே நம்பவேண்டாம். பெரும்பாலான பெரணிகளில் அதைச் சூழ்ந்திருக்கும் டிஆர்என்-கே பகுதி அழிந்துபோனதால் வழக்கமான பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) பிடிக்காது.

வனத்துறை அனுமதியோடு எடுத்த இளம் இலையை, அதன் எடையில் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் போட்டு ஒரே நாளில் உலர்த்த வேண்டும். மறுநாளும் துவண்டிருந்தால் ஜெல்லை மாற்றுங்கள். 20 மில்லிகிராம் உலர் இலை, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க 2 சதவீத சி-டாப் கரைசல், 65 டிகிரியில் ஒரு மணி நேரம். பெரணியில் பாலிபீனால் அதிகம். அதை உறிஞ்சும் பிவிபி சேர்க்காவிட்டால் படிவு பழுப்பாக இறங்கும், பிசிஆர் (டி.என்.ஏ.வைப் பெருக்கும் வினை) ஓடாது. பத்துக்கு ஒன்றாக நீர்த்து, தடையைக் குறைக்கும் பிஎஸ்ஏ என்ற புரதம் சேர்த்தால் பெரும்பாலும் ஓடிவிடும்.

இந்த வழியின் குறை ஒன்றே, ஆனால் பெரியது. பெரணிகளில் பசுங்கணிகம் பொதுவாகத் தாய்வழியில்தான் வரும். கலப்பினத்தில் தகப்பன் யார் என்பது அதில் இருக்காது. ஜீன் போதவில்லை என்று பசுங்கணிக மரபணுத்தொகுதி முழுவதையும், ஏறத்தாழ 1,50,000 எழுத்தையும், படித்தாலும் அதே தாய்வழிதான் இன்னும் தெளிவாகத் தெரியும்.

தகப்பன் வேண்டுமென்றால் உட்கருவுக்குப் போக வேண்டும். பிஜிஐசி போன்ற உட்கரு ஜீன்களில் கலப்பினம் இரு பெற்றோரின் நகலையும் வைத்திருக்கும். எழுத்துகளைப் படித்த வரைபடத்தில் ஒரே இடத்தில் இரட்டை முகடு எழும். ஆர்பிசிஎல்லில் இதே இரட்டை முகடு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அழுக்கை: இலையில் ஒட்டியிருந்த பாசியின் டி.என்.ஏ.வும் சேர்ந்து பெருகியிருக்கும். உட்கருவில் வந்தால் அதுவே நாம் தேடிய தடயம். நகல்களைக் குளோனிங் செய்து, அதாவது ஒவ்வொன்றையும் தனித்தனி பாக்டீரியக் காலனியில் வளர்த்து, பிரிக்க வேண்டும். பத்து காலனியாவது படிக்காமல் முடிவு சொல்லக்கூடாது. பிசிஆரின்போது இரு நகலும் பாதி பாதி ஒட்டிப் போலி வரிசை உருவாகும். சுழற்சியைக் குறைத்து, நீட்சி நேரத்தைக் கூட்டினால் அது குறையும்.

நூற்றுக்கணக்கான உட்கரு ஜீன்களைத் தூண்டில் போட்டுப் பிடிக்கும் முறை இன்னும் பலமானது. பழைய உலர்தாவர மாதிரியிலும் வேலை செய்யும். செலவும் கணினி வேலையும் கூடுதல். உட்கரு முழுவதையும் படிக்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்: டிமெசிப்டெரிஸ் ஒப்லான்சியோலேட்டா என்ற பெரணியின் மரபணுத்தொகுதி 160 பில்லியன் எழுத்து என்று 2024இல் வெளியானது.

டெரிஸ் போன்ற பெரணிப் பேரினத்தில் எந்த வழி என்று தீர்மானிக்கும் முன், வெடிக்காத ஒரு வித்தகத்தைக் (இலையின் அடியில் இருக்கும் வித்துப் பை, ஸ்போர்கள் உள்ளது) கண்ணாடித் தகட்டில் வைத்து ஊசியால் உடைத்து வித்துகளை எண்ணுங்கள். 64 இருந்தால் பாலினப் பெருக்கம், ஆர்பிசிஎல்லில் தொடங்கலாம். 32 இருந்தால் கருவுறாமலே பெருகும் அபோகேமி வகை, பெரும்பாலும் மும்மடியம் (மூன்று தொகுதி குரோமோசோம் கொண்டது), கலப்புப் பிறப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு உட்கரு ஜீனுக்கும் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள்.